ஆயிரத்து நானூற்று நாற்பத்தோராவது இழை

அந்தத் தெருவில் ஒரு காலத்தில் ஒரு நிமிடம் உட்காருவதன் விலை நாற்பது காசு. சாய்மானம் வேண்டுமென்றால் ஐம்பத்தைந்து. கைப்பிடி வைத்த நாற்காலிக்கு முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். விலையை நிர்ணயித்தவர் தெருமுனைச் சலூன்காரர். தன் கடை வாசற்படிக்கு வெளியே யாராலும் உட்கார முடியவில்லை, உள்ளே முடிகிறது என்பதை ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்குக் கண்டுபிடித்தார். பதினொன்றேகாலுக்குப் பலகை எழுதி மாட்டிவிட்டார். முதல் வாரம் வந்தவர்கள் சும்மா உட்காரக் கூச்சப்பட்டு முடியும் வெட்டிக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் தெருவில் வெட்டுவதற்கு முடி மிச்சமில்லை. மூன்றாம் வாரம் கூச்சம் போய்விட்டது. வாத்தியார், வட்டிக்காரர், பிள்ளைத்தாய்ச்சி என்று வரிசை நின்றது. சலூன்காரர் கத்தரியைத் துடைத்து உறையில் போட்டுவிட்டுக் கடிகாரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்.

உட்கார முடியவில்லை என்றால் வலி ஒன்றும் கிடையாது. யாரும் பிடித்துத் தூக்கவும் இல்லை. நிற்கலாம், நடக்கலாம், நீட்டிப் படுத்துத் தூங்கலாம். அதற்கெல்லாம் தடையே இல்லை. முழங்காலை மடக்கி இடுப்பு பலகையைத் தொட்ட மாத்திரத்தில், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து வந்ததுபோல் ஒரு பதைப்பு கிளம்பும், ஆள் எழுந்துவிடுவார். எழுந்த பிறகு எதற்காக எழுந்தோம் என்று தெரியாது. இரண்டு எட்டு நடப்பார், ஜன்னலைத் திறப்பார், மூடுவார், பூட்டியிருக்கிற கதவைப் போய் இழுத்துப் பார்ப்பார். நூற்றுப்பத்து வீட்டிலும் இதே கதை. சாப்பாடு ஜன்னல் விளிம்பில் நடந்தது. துக்கம் விசாரிக்கப் போனவர்கள் அறையைச் சுற்றிச் சுற்றி நடந்து விசாரித்தார்கள். செருப்புக் கடைக்காரர் மட்டும் ஒரு மாடி கட்டினார்.

எல்லாம் ஏழாம் நம்பர் வீட்டுத் தறியிலிருந்து வந்தது என்பதில் தெருவுக்குச் சந்தேகம் இல்லை. முதலில் உட்கார முடியாமல் போனது அந்த வீட்டு நெசவாளிதான். பிறகு அவர் வீடு. பிறகு பக்கத்து வீடுகள், இரண்டு பக்கமும், வாரத்துக்கு ஆறு வீடு வீதம்.

அது கம்ப்யூட்டர் வைத்த கைத்தறி. நெய்வது மனிதக் கைதான். எந்த நேரத்தில் எந்தச் சட்டம் இழைகளைத் தூக்கிக்கொண்டு மேலே போக வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். மொத்தம் இருபத்துநாலு சட்டம். ஒவ்வொரு சட்டத்திலும் வரிசையாகக் கம்பிகள், ஒவ்வொரு கம்பிக்கும் நடுவில் ஊசிக்கண் மாதிரி ஒரு கண். அந்தக் கம்பிக்கு விழுது என்று பெயர். நெய்ய ஆரம்பிப்பதற்கு முன் நீளவாட்டு இழைகள் இரண்டாயிரத்து முந்நூற்று நாலையும், அதாவது பாவு முழுவதையும், ஒவ்வொன்றாக அதனதன் விழுதுக் கண்ணில் கொக்கியால் இழுத்துக் கோர்க்க வேண்டும். ஒன்றாம் இழை மூன்றாம் சட்டம், இரண்டாம் இழை பதினேழாம் சட்டம் என்று வரிசையைத் திரை காட்டும். காட்டுவதோடு சரி. கம்ப்யூட்டருக்குப் புத்தி உண்டு, கை கிடையாது. கோர்க்கும் கை ஒன்றை இடம் மாற்றிப் போட்டால் அந்தத் தப்பு பாவு முடியும்வரை கூடவே வரும்.

அந்த வீட்டில் கோர்த்தவள் நெசவாளியின் மனைவி. தெருவே அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டது; அவளைவிட இருபது வயது மூத்த வட்டிக்காரர்கூட. திரையைப் பார்த்து நம்பர் சொன்னவள் நெசவாளியின் தங்கை, அண்ணிக்கு நாத்தனார். புருஷனோடு ஒத்துவராமல் ஒரு பெட்டியோடும் பழுதான ஒரு இடுப்போடும் அண்ணன் வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்யும் முறை இது: நாத்தனார் “ஏழு” என்பாள். அண்ணி தறிக்குள்ளிருந்து ஏழாம் சட்டத்து விழுதில் இழையை இழுத்துவிட்டு “ஏழு” என்று திருப்பிச் சொல்வாள். அந்தப் பதில் காதில் விழுந்த பிறகுதான் நாத்தனார் பொத்தானை அழுத்தி அடுத்த நம்பருக்குப் போவாள். இருபத்துநாலு இழை கொண்ட ஒரு கொத்துக்கு ஒரு முடிச்சு. முடிச்சுக்கு முன்னால் இருபத்துநாலையும் மறுபடி ஒருமுறை சொல்லிச் சரிபார்ப்பது. பத்தொன்பது வருஷத்தில் அண்ணி ஒரு இழைகூடத் தப்பாகப் போட்டதில்லை. சொன்ன நம்பரை “என்ன?” என்று மறுபடி கேட்டதும் இல்லை. அவள் கையைத் தப்பு தெரியாத கை என்று ஜவுளிக்கடை முதலாளி நாலு பேர் மத்தியில் சொல்லியிருக்கிறார், பேரம் பேசாத நாளில்.

சண்டை ஒரு நாற்காலியால் வந்தது. அறையில் மெத்தை வைத்த நாற்காலி ஒன்றுதான். அது திரைக்கு முன்னால், நாத்தனாருக்கு. அண்ணிக்குத் தறிக்குள் ஒரு சாண் உயர முக்காலி. ஒரு திங்கட்கிழமை நாத்தனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “அம்மாடி, இன்னிக்கு ரொம்ப நேரம் உட்கார முடியாது போலிருக்கே” என்றாள். அண்ணி கொக்கியை நூலில் மாட்டியபடியே சொன்னாள்:

“மெத்தையில உட்கார்ந்து நம்பர் படிக்கிறவங்களுக்கு இடுப்பு வலி. குனிஞ்சு கோர்க்கிறவளுக்கு இடுப்பே இல்ல போல.”

“நான் ஒண்ணும் ஓசியில உட்காரல அண்ணி. எங்க அண்ணன் வீட்டு நாற்காலி.”

“ஆமா, அண்ணன் வீடு. நான் வாடகைக்கு இருக்கேன்.”

அதோடு பேச்சு நின்றது. வேலை நிற்கவில்லை. நாத்தனார் நம்பரைச் சொன்னாள். அது வேலை, பேச்சு இல்லை. அண்ணி பதில் சொல்லவில்லை, சொன்னால் பேச்சாகிவிடும். ஆகவே நாத்தனார் கொக்கி நூலை இழுக்கும் சத்தத்தைப் பதிலாக எடுத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். இப்படி மூன்று நாள். மூன்றாம் நாள் மத்தியானம் மூன்றே முக்காலுக்கு, அறுபது முடிச்சு முடிந்து அறுபத்தோராவது கொத்தின் முதல் இழைக்கு நாத்தனார் “பதினாலு” என்றாள். அண்ணிக்குத் தெளிவாகக் கேட்டது. கொக்கி பதிமூன்றில் நுழைந்தது. நுழைந்த அந்த நொடியே விரலுக்குத் தெரிந்துவிட்டது. “நில்லு” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொத்தானை அழுத்தாமல் நாத்தனார் காத்திருப்பாள். அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. முடிச்சுப் போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். முடிச்சுப் போடும்போது சரிபார்ப்பதற்கு இரண்டு வாய் வேண்டும், சரிபார்க்காமலே போட்டு இறுக்கிவிட்டாள்.

நெசவாளி தறியில் ஏறி மிதித்தார். துணி வந்தது. அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தாள்: அப்பழுக்கில்லை. பதிமூன்றில் போன இழை பதினாலில் போனதுபோலவே வளைந்து, ஏறி, இறங்கி, பூவில் தன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. உட்கார முடியாமல் போனது நெசவாளிக்கு. கால்மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்தவர், மறுநாள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்தார். மூன்றாம் நாள் தறியில் உட்காரும் பலகையைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே நெய்தார். குறை துணியில் விழாமல் தெருவில் விழுந்துவிட்டது என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். அப்போது தெருவுக்கு அது தெரியாது, அண்ணிக்குத் தெரியும்.

பாவும் தீரவில்லை. நாற்பது மீட்டர் சுற்றிய பாவு ஒரு மாதத்தில் முடிந்திருக்க வேண்டும். ஐம்பது மீட்டர் நெய்து அறுத்துக் கொடுத்த பிறகும் பின்னால் இருந்த உருளை புதுமாப்பிள்ளை மாதிரி உப்பியே இருந்தது. நெசவாளி முதலில் பயந்தார், பிறகு அளந்து பார்த்தார், பிறகு யாரிடமும் சொல்லாமல் பாவு நூல் வாங்குவதை நிறுத்தினார். ஜவுளிக்கடை முதலாளி அந்தத் துணியில் தன் கடைச் சிப்பந்திகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார். போட்ட அன்றிலிருந்து ஒருவரும் உட்காரவில்லை. சேதி பரவியதும் மற்ற முதலாளிகளும் வந்தார்கள். இரண்டு வருஷத்துக்குள் சுற்று வட்டாரத்தில் உட்காரும் சிப்பந்தியைக் காட்டினால் பரிசு தரலாம் என்ற நிலை. தெருவாசிகள் வந்து முறையிட்டால் நெசவாளி தறியைச் சுற்றி நடந்தபடியே கேட்பார்:

“துணியில குறை இருக்கா? இல்ல. பாவு தீருதா? இல்ல. அப்புறம் உங்களுக்கு மட்டும் என்ன, உட்காரணும்னு அவசரம்?”

தெரு சும்மா விடவில்லை. கம்ப்யூட்டர் மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்று, பெட்டியைக் கழற்றி, எந்த நொடியில் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்ற பட்டியலை எடுத்துப் பார்த்தார். இரண்டாயிரத்து முந்நூற்று நாலு அழுத்தல், ஒன்றுகூடக் கூடுதல் குறைவு இல்லை. “மெஷின் காட்டினது சரி. கோர்த்தது அண்ணி, அதுல தப்பு வராது. நடுவுல வாயால சொன்னாங்களே, அவங்கதான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, உட்கார இடம் தேடி ஓடினார். அண்ணி கொக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். அன்றிலிருந்து நாத்தனார் தெருவில் நடந்தால் பிள்ளைத்தாய்ச்சிகள் அவள் காதுபடவே கேட்டார்கள்: “ஏக்கா, ஒண்ணு ரெண்டு எண்ணக்கூடவா தெரியாது?”

அண்ணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெருவே அப்படித்தான் இருந்தது என்றாலும் இவளுடையது வேறு ரகம். மற்றவர்கள் படுத்தால் அடங்கிவிடும். இவளுக்குப் படுத்தாலும் கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருந்தது. நெசவாளி நூல்கடைக்காரரோடு பேசப் போன மத்தியானங்களில் தனியாகத் தறிக்குள் புகுந்து அந்த இழையை எடுத்துச் சரியாகப் போட்டுவிடப் பார்த்தாள். ஒன்றிலிருந்து எண்ணி ஆயிரத்து நானூற்று நாற்பத்தொன்றைப் பிடித்தால், அது பதினாலில் ஒழுங்காக இருக்கும். மறுநாள் எண்ணினால் அந்த நம்பரில் வேறு இழை வரும். அதுவும் சரியாகவே இருக்கும். கடைசிவரை எண்ணினால் ஒரு நாள் இரண்டாயிரத்து முந்நூற்று மூன்று, மறுநாள் ஐந்து. இழைகளும் உட்கார மறுத்தன. தனி ஆளாக எண்ணுகிற கணக்குக்கு அந்தத் தறி மரியாதை கொடுக்கவில்லை.

மூன்று வருஷம் இப்படியே போனது. நாத்தனார் சாய்ந்து நின்ற வாசல் நிலையில் தோள் உயரத்துக்கு ஒரு குழி விழுந்தது. நடை முதலில் நொண்டியது, பிறகு இடுப்பு ஒரு பக்கமாக இறங்கியது. காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம் சலூனுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவாள். கையிருப்பு கரைந்தது, வளையல் போனது. சலூன்காரர் வியாபாரிதான், ஆனால் கண் இல்லாதவர் இல்லை. ஒரு நாள், “எனக்குக் கல்லாவுல உட்கார ஆள் வேணும். மாடியில அறை சும்மா கிடக்கு. நாள் பூரா உட்காரலாம், காசும் நானே தரேன்” என்றார். வைத்தியரும் பார்த்துவிட்டு, இன்னும் ஆறு மாதம் இந்தத் தெருவில் நின்றால் அப்புறம் நிற்கவும் முடியாது என்று சொல்லியிருந்தார். நாத்தனார் சரி என்றாள். போனால் திரும்பி வருவதாக இல்லை என்றும் அண்ணனிடம் சொன்னாள். நெசவாளி தறியைச் சுற்றி நடந்துகொண்டே, “உன் இஷ்டம்” என்றார். அவர் கை அப்போது நூற்றிருபதாவது துணிச்சுருளைத் தடவிக்கொண்டிருந்தது.

பெட்டி கட்டிய அன்று காலை அண்ணி வீட்டுக்குள் நடந்த நடையை அளந்தால் பக்கத்து ஊர் வந்திருக்கும். அடுப்படியிலிருந்து தறி அறை, தறி அறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து அடுப்படி. நாத்தனார் போய்விட்டால் தப்பு அவளோடு போகும். தெரு அவளைத்தான் திட்டும், இந்தக் கைக்குப் பேர் கெடாது. அதுதான் லாபம். அந்த லாபத்தை எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் அண்ணிக்குத் தொகை தேறவில்லை. நாத்தனார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இறங்கிய இடுப்போடு, வாசற்படிக்கு வந்துவிட்டாள். அண்ணி குறுக்கே போய் நின்றாள். மூன்று வருஷம் ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இது:

“பதிமூணு.”

நாத்தனார் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. “தெரியும்” என்றாள்.

“நீ பதினாலுன்னுதான் சொன்ன. நான்தான் பதிமூணுல போட்டேன்.”

“தெரியும்னு சொல்றேனே அண்ணி. பார்த்துட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன்.”

“பார்த்தியா? பார்த்துட்டு ஏன்டி சொல்லல?”

“பேசாமத்தானே இருந்தோம்.”

“ஊரே உன்னைத் திட்டுச்சே, அப்பவாவது?”

“நீங்களே சொல்வீங்க, சொல்லட்டும்னு இருந்தேன். நாளைக்குச் சொல்வாங்க, நாளைக்குச் சொல்வாங்கன்னு...” நாத்தனார் பெட்டியை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினாள். “தப்பே தெரியாத கை அது. அது எப்படித்தான் ஒத்துக்கும்னு பார்க்கணும்னு ஒரு ஆசை. அதுக்காக இடுப்பையே விட்டேன் பாருங்க, நான் ஒரு பைத்தியம்.”

“பைத்தியம் இல்ல, திமிர்” என்றாள் அண்ணி. “அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே அச்சு.”

“நீங்க மட்டும் என்ன, பணிவுக்குப் பட்டம் வாங்கினவங்களா?”

ஏறக்குறைய அரைமணி நேரம் வாசலில் சண்டை நடந்தது. தெரு கூடிவிட்டது; கூட்டம் நின்றது என்று சொல்ல முடியாது, வட்டமாக நடந்துகொண்டே கேட்டது. மூன்று வருஷத்துச் சண்டை பாக்கி இருந்ததால் இரண்டு பேரும் ஒன்றையும் விடவில்லை. உப்பு, சோப்பு, எண்ணெய்க் கிண்ணம் எல்லாம் வந்தது. கடைசியில் நாத்தனார் பெட்டியை வைத்துவிட்டு நேராகத் தறி அறைக்குப் போய்த் திரையைப் போட்டாள். அண்ணி கொக்கியை எடுத்துக்கொண்டு தறிக்குள் முழந்தாளிட்டாள். நெசவாளி பாவுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு, “வேணாம், வயித்துல அடிக்காதீங்க, ஓசிப் பாவு இது” என்று கத்தினார். இரண்டு பெண்களும் ஒரே குரலில் “தள்ளுங்க” என்றார்கள். சேர்ந்து சொன்ன வார்த்தையாக இருந்ததால் அவர் தள்ளிக்கொண்டார்.

நாத்தனார் ஒன்றாம் இழையிலிருந்து ஆரம்பித்தாள். நம்பரைச் சொன்னாள், அண்ணி விரலை இழையில் வைத்துப் பார்த்துத் திருப்பிச் சொன்னாள். மூன்று மணி நேரம் பிடித்தது. அறுபது முடிச்சு சரியாக வந்தது. அடுத்தது “பதினாலு” என்றாள் நாத்தனார். அண்ணியின் விரலுக்குக் கீழே இழை பதிமூன்றாம் சட்டத்தில் இருந்தது, போட்ட அன்று இருந்த அதே இடத்தில், எங்கேயும் போகாதது மாதிரி. அண்ணி அதை வெளியே இழுத்தாள். பதினாலாம் சட்டத்தில் அந்த இடத்தில் விழுது இல்லாததால் ஒரு கயிறை மேல் கம்பியிலும் கீழ்க் கம்பியிலும் கட்டி, நடுவில் ஒரு கண் முடிய வேண்டியிருந்தது. கண் முடிவதற்கு நாத்தனார் குனிந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். இழையை அதில் நுழைத்துவிட்டு அண்ணி சத்தமாகச் சொன்னாள்: “பதினாலு.”

தெருவில் நூற்றுப்பத்து வீட்டு நாற்காலிகளும் ஒரே நேரத்தில் முனகின. நாற்காலி கிடைக்காதவர்கள் கிடைத்ததில் உட்கார்ந்தார்கள்: படியில், வாளியில், சைக்கிள் கூடையில், ஒருவர் மற்றவர் மேல். வட்டிக்காரர் நடுரோட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அழுதார். வட்டாரம் முழுக்கக் கடைச் சிப்பந்திகள் ஒரே சமயத்தில் உட்கார்ந்ததில் அன்று மாலை வியாபாரமே நடக்கவில்லை. முதலாளிகள் மறுநாள் சட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள். நெசவாளி பலகையை மாட்டி, உட்கார்ந்து, ஒரு மிதி மிதித்தார். பின்னால் உருளை காற்றுப் போன பந்துபோல் சுருங்கிவிட்டது. மிச்சம் பதினோரு மீட்டர். சலூன்காரர் விலைப் பலகையைக் கழற்றிவிட்டுக் கத்தரிக்கு எண்ணெய் போட்டார். கல்லாவுக்கு ஆள் இன்னும் வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்; அவர் பேச்சு மாறாதவர்.

மெத்தை நாற்காலியில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள், கண்ணை மூடிக்கொண்டு. அண்ணி தறிக்குள்ளேயே முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நாத்தனார் விருட்டென்று எழுந்தாள். அண்ணி பதறி எழுந்ததும் நாத்தனாரால் உட்கார முடிந்தது. மறுபடி செய்து பார்த்தார்கள். எத்தனை முறை பார்த்தாலும் அதேதான். ஒருத்தி உட்கார்ந்தால் மற்றவள் எழுந்தாக வேண்டும். தூரம் போனால் சரியாகும் என்று நாத்தனார், சலூன்காரரிடம் ஒத்துக்கொண்டபடியே, கல்லாவுக்குப் போய் மூன்று நாள் வேலை பார்த்தாள். அங்கே அவள் உட்கார்ந்தபோதெல்லாம் இங்கே அண்ணி தறிக்குள்ளிருந்து துள்ளி எழுந்து சட்டத்தில் தலையை இடித்துக்கொண்டாள். இங்கே அண்ணி அயர்ந்து உட்கார்ந்தபோது அங்கே நாத்தனார் சில்லறையைக் கொட்டினாள். சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தால்தான் இதை நடத்த முடியும். நாலாம் நாள் பெட்டி திரும்பி வந்தது. நெசவாளிக்கு மட்டும் வருத்தம். “பேசாம இருந்தப்ப வீடு எவ்வளவு அமைதியா இருந்துச்சு” என்று நூல்கடைக்காரரிடம் சொன்னார்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நாள் முழுக்க ஒரே பேச்சுத்தான். “உட்காரப் போறேன்.” “உட்காரு.” “போதும், எழுந்திரு, கால் கடுக்குது.” “இந்தா எழுந்துட்டேன்.” புதுப் பாவு கோர்க்கும்போது ஒரு கொத்துக்கு ஒருத்தி உட்காருவாள், அடுத்த கொத்துக்கு மற்றவள், நம்பர் சொல்லும் வாய் உட்கார்ந்தாலும் நின்றாலும் பதில் வந்தால்தான் பொத்தான். கோர்க்கும் நாளை விட்டால் அண்ணி தன் முறையில் பாதியிலேயே எழுந்துவிடுவாள். ஏன் என்று கேட்டால் நடக்கணும் போல இருக்கு என்பாள். நாத்தனார் அதை நம்பவில்லை. ஒரு நோட்டு வாங்கி, இரண்டு பத்தி போட்டு, யார் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்று நிமிடம் தவறாமல் எழுதத் தொடங்கினாள். யாருடைய ஓசியும் தனக்கு வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்றாள். அண்ணி “கொடு, கொடு” என்று சொல்லிவிட்டு நடந்தாள். வருஷக் கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து கூட்டினார்கள். ஒருத்தி சொன்னாள், மற்றவள் திருப்பிச் சொன்னாள். நாத்தனார் உட்கார்ந்தது இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு மணி ஐந்து நிமிடம். அண்ணி உட்கார்ந்தது ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மணி நாற்பது நிமிடம். நாத்தனார் அதிகப்படியாக உட்கார்ந்தது, அவள் பேரில் அண்ணிக்குப் பாக்கி, ஆயிரத்து நூற்றைந்து மணி இருபத்தைந்து நிமிடம். அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டது.